‘மறுத்தார்’ என்ற ஒரு பொருளுக்கு நான்கு சொற்கள்: ஒரு செவிலியரின் எட்டு மாத ஆங்கிலச் சொற்பயிற்சி

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர். வயது 27. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழிக் கல்வி, பிறகு நர்சிங் பட்டப்படிப்பு, அதன்பின் ஐந்து ஆண்டு வார்டு வேலை. பிரிட்டனில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். அங்கே செவிலியராகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் ஒன்பதுக்குக் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7 மதிப்பெண்ணும், எழுத்தில் 6.5 மதிப்பெண்ணும் எடுக்க வேண்டும். முதல் முறை எழுதியபோது அவருக்குக் கிடைத்தவை: கேட்டல் 6.5, வாசிப்பு 5.5, எழுத்து 5.5, பேச்சு 6.

நான் மாலை நேரங்களில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். அந்த மதிப்பெண் தாளோடும் ஒரு தடித்த நோட்டோடும் அவர் என்னிடம் வந்தார். நோட்டு முழுக்கச் சொற்கள். முன்பு சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் ஆயிரம் சொற்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு தமிழ்ப் பொருள். ஒரு நாளைக்கு 25 வீதம் 40 நாளில் அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தார். இரவு டூட்டி முடிந்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து படித்தது அது.

“சார், ஆயிரம் வார்த்தை முடிச்சிட்டேன். இன்னும் எத்தனை படிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, படிச்சிடுறேன்” என்றார்.

அவரிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த உழைப்பு ஏன் மதிப்பெண்ணாக மாறவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் என் முதல் வேலையாக இருந்தது. அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் வாரத்தில் கண்டது

அவருடைய நோட்டிலிருந்தே அங்கொன்றும் இங்கொன்றுமாக 60 சொற்களை எடுத்தேன். தமிழ்ப் பொருள் கேட்டேன். 48 சொற்களுக்குச் சரியாகச் சொன்னார். அந்த 48-ஐயும் வைத்துச் சொந்தமாக ஒவ்வொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். சொல் இடமறிந்து உட்கார்ந்த வாக்கியங்கள் 13.

அடுத்து, வார்டில் நடந்த ஏதாவது ஒன்றை ஹேண்டோவர் குறிப்பாக, அதாவது அடுத்த டூட்டிக்கு வருபவருக்கு எழுதிவைக்கும் குறிப்பாக, ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். முந்தைய இரவு ஒரு முதியவர் மாத்திரையை விழுங்க முடியாது என்று அடம்பிடித்திருக்கிறார். அதை இவர் இப்படி எழுதினார்: ‘த பேஷன்ட் வாஸ் டினைட் த நைட் டோஸ்.’

அந்த வாக்கியத்தை நான் இரண்டு முறை படித்தேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது சொல்லும் சேதி வேறு. ‘நோயாளிக்கு இரவு மருந்து தர மருத்துவமனை மறுத்துவிட்டது’ என்பதே அதன் பொருள். பின்னால் யாராவது ஒரு விசாரணையில் இந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், குற்றவாளி டூட்டியில் இருந்த செவிலியர்தான். எழுதியிருக்க வேண்டிய சொல் ‘ரிஃப்யூஸ்ட்’.

இதை விளக்கியபோது அவர் முகம் வெளிறியது. நோட்டைப் புரட்டிக் காட்டினார். டினை என்றால் மறு. ரிஃப்யூஸ் என்றால் மறு. டிக்ளைன் என்றால் மறு. ரிஜெக்ட் என்றால் மறு, நிராகரி. வெவ்வேறு பக்கங்களில் நான்கு சொற்கள், நான்குக்கும் ஒரே பொருள். பட்டியலின்படி அவர் எழுதியது சரிதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். ‘டினைஸ் செஸ்ட் பெயின்’ என்று டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் எழுதுவதை அவர் தினமும் படிக்கிறவர். நெஞ்சு வலி இல்லை என்று நோயாளி சொல்கிறார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கேஸ் ஷீட்டில் இருந்த டினையும் நோட்டில் இருந்த டினையும் அவர் மனத்தில் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை. ஒன்று வேலை, மற்றது பரீட்சை.

கட்டுரைகளிலும் இதே கதைதான். ‘புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் வர அதிக வாய்ப்பு உண்டு’ என்று நாம் தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம். அவர் வாய்ப்புக்கு ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்று போட்டிருந்தார். நல்லது கைகூடும் தறுவாயைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள், நோய்க்கு ‘ரிஸ்க்’. எழுத்துத் தேர்வில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண் உண்டு என்பதால், பெரிய சொற்களைப் போடும்படி பயிற்சி மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். ‘மெனி’ வர வேண்டிய இடமெல்லாம் ‘ப்ளெதோரா’ வந்தது. அந்தச் சொல்லில் ‘தேவைக்கு மேல் மண்டிக் கிடக்கிறது’ என்ற நிழல் இருக்கிறது. ஏழைகளுக்கு உதவும் மருத்துவமனைகளைப் பற்றி எழுதும்போது அது பொருந்தாது.

கேட்டல் பகுதியில் வேறொரு சிக்கல் தெரிந்தது. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்துப் படித்திருந்தார். சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வதைக் குறிக்கும் சொல்லும், தத்தெடுப்பதைக் குறிக்கும் சொல்லும் அவர் நோட்டில் ‘அடாப்ட்’ என்றே இருந்தன. ஆங்கிலத்தில் முன்னதற்கு நடுவில் ‘ஏ’ எழுத்து, பின்னதற்கு ‘ஓ’. நம் எழுத்தில் எழுதியதும் வேறுபாடு மறைந்துவிட்டது.

பட்டியல் ஏன் கைவிட்டது

பட்டியலைப் போட்டுச் சொல் படிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை, அதாவது செய்யுள் வடிவிலான பழைய அகராதியை, மனப்பாடம் செய்தார்கள். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களையும் சூத்திரமாகப் பாடி ஒப்பித்தார்கள். அது அவர்களுக்குப் பலன் தந்தது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் தமிழுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் அந்த மொழி அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. நிகண்டு அதன்மேல் ஒரு அடுக்கைக் கூட்டியது. தவிர, சேந்தன் திவாகரம் என்ற நிகண்டின் பதினோராம் தொகுதிக்கே ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’ என்று பெயர். ஒரு சொல் பல பொருள் தாங்கும் என்பதை நிகண்டு மறக்கவில்லை. அந்த ஜெராக்ஸ் பட்டியல் மறந்துவிட்டது.

உதாரணத்துக்கு ‘டெண்டர்’. பட்டியலில் ‘மென்மையான’ என்று மட்டும் இருந்தது. ஊராட்சியில் சாலை போட விடும் டெண்டர் நம் எல்லோருக்கும் தெரியும். வயிற்றை அழுத்தினால் வலிக்கிறது என்பதை டாக்டர் ‘டெண்டர்’ என்று எழுதுவது இவருக்குத் தெரியும். மூன்றையும் தனித்தனியாக அறிந்திருந்தும், மூன்றும் ஒரே வடிவில் வருபவை என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. ‘வார்டு’ என்பதும் அப்படித்தான்: மருத்துவமனையில் ஒன்று, மாநகராட்சியில் ஒன்று, பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில் ‘உங்கள் பொறுப்பில் உள்ள பிள்ளை’ என்ற பொருளில் இன்னொன்று.

இடைநிலைக்கு வந்தவர்கள் எல்லோருமே ஏறத்தாழ இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் கற்பித்தலில் பெயர்பெற்ற மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டிவிடலாம். தண்ணீர், கதவு, ஓடு, வாங்கு என்று ஒன்றுக்கு ஒன்று நிற்கும். அதைத் தாண்டியதும் சொற்கள் நெருங்கி நெருங்கி நிற்கின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் இருக்கும் வரப்பு தெரிந்தால்தான் பயன்படுத்த முடியும். ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி1, பி2 என்று குறிப்பது இந்தப் பகுதியைத்தான்.

முதல் முடிவும் அது தவறிய விதமும்

தமிழ்ப் பொருள்தான் குழப்புகிறது என்றால் தமிழையே விலக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பழைய நோட்டை மூடிவைக்கச் சொல்லி, ஆங்கிலத்திலேயே பொருள் தரும் மாணவர் அகராதியைக் கையில் கொடுத்தேன். எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதியிருக்கும் அகராதி அது.

மூன்று வாரம் இது நடந்தது. ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லுக்கான விளக்கத்தை நான்கு முறை படித்துவிட்டு, கடைசியில் தனக்குள், “தயக்கம்தானே” என்று முணுமுணுத்துக்கொண்டார். நான் வெளியே தள்ளிய தமிழ், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் அதே பழைய பட்டியல் தமிழ். இரவு டூட்டி இருந்த வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில், “சார், எனக்கு இது வராதோன்னு இருக்கு” என்றார்.

வந்த முதல் நாள் ‘இன்னும் எத்தனை படிக்கணும்’ என்று கேட்டவர் அவர். அவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததும் என் முடிவைத் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

பேச்சுத் தமிழுக்குத் திரும்பியது

அன்றைக்கு ‘டினை’யையே மறுபடி எடுத்தேன். பொருள் கேட்கவில்லை. “அந்தப் பெரியவர் மாத்திரையை வேணாம்னு சொன்னப்ப, அவர் வாயிலேர்ந்து சரியா என்ன வார்த்தை வந்துச்சு?” என்று கேட்டேன்.

“‘நான் முழுங்க மாட்டேன், போ’ன்னாரு.”

“நெஞ்சு வலிக்குதான்னு கேட்டா?”

“‘இல்லம்மா’ம்பாரு.”

“காபி கொண்டுவந்து நீட்டினா?”

“‘வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்’ம்பாரு.”

பிடி கிடைத்துவிட்டது. மாட்டேன் என்பது ரிஃப்யூஸ். இல்லை என்பது டினை. வேண்டாம் என்று பதவிசாகச் சொல்வது டிக்ளைன். கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று தள்ளுவது ரிஜெக்ட். மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளுவதற்கும் அதே சொல். எழுத்துத் தமிழின் ‘மறுத்தார்’ நான்கையும் ஒரே மூட்டையில் கட்டியிருந்தது. நாம் நாள் முழுக்கப் பேசும் தமிழில் அவை ஏற்கெனவே தனித்தனியாக இருந்தன. தமிழ் குழப்பவில்லை, அகராதித் தமிழ்தான் குழப்பியது. இதை நான் முதல் வாரத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து விதி இதுதான்: சொல்லுக்குப் பொருள் எழுதக்கூடாது. அந்தச் சொல் வரும் இடத்தில் நம் ஊரில் ஒரு மனிதர் என்ன சொல்வார் என்று எழுத வேண்டும். ரிலக்டன்டுக்கு ‘அரைமனசா’ என்று எழுதினார். தயக்கம் என்பது ‘ஹெசிடன்ட்’டுக்குப் போனது: கேட்கலாமா வேண்டாமா என்று நிற்பது. ‘சமாளி’ என்று மூன்று இடத்தில் இருந்தவை பிரிந்தன. ‘எப்படியோ தாக்குப்பிடிக்கிறேன்’ என்றால் கோப். ‘ஒருவழியா செஞ்சு முடிச்சிட்டேன்’ என்றால் மேனேஜ். ‘அதை விடுங்க, நான் பாத்துக்கிறேன்’ என்றால் ஹேண்டில்.

‘உறுதி செய்’ என்பதை வார்டிலேயே பிரித்துக்கொண்டார். கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றியிருக்கிறதா என்று பார்த்து ஏற்றிவைப்பது என்ஷ்யூர். ‘கவலைப்படாதீங்கம்மா, நல்லா ஆயிடும்’ என்று உறவினரிடம் சொல்வது அஷ்யூர். ஊசி போடுமுன் ‘உங்க பேரு இதுதானே?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கன்ஃபர்ம். மூன்றையும் அவர் ஒரே ஷிஃப்டில் பத்து முறை செய்கிறார்.

இதோடு, துணைச்சொல் இல்லாமல் தனிச்சொல் எழுதக்கூடாது என்று இரண்டாவது விதி வைத்தேன். இதற்கு நாளிதழே போதுமான பாடமாக இருந்தது. பலத்த காயம், பலத்த மழை, பலத்த பாதுகாப்பு, பலத்த எதிர்ப்பு என்று நான்கு தலைப்புச் செய்திகளைக் காட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். நான்குக்கும் ‘ஸ்ட்ராங்’ என்றார். காயத்துக்கு ‘சிவியர்’, மழைக்கு ‘ஹெவி’, பாதுகாப்புக்கு ‘டைட்’. எதிர்ப்புக்கு மட்டும்தான் ‘ஸ்ட்ராங்’ பொருந்தும். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதற்குக் காரணம் தேட முடியாது, ஜோடியாகவே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். நம் ‘கனமழை’யும் அந்த ‘ஹெவி’யும் ஒன்றுதானே என்று அவரே கண்டுபிடித்தபோது முதல்முறையாக வகுப்பில் சிரித்தார்.

அட்டைகள்

நோட்டைக் கைவிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நோட்டைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், படித்ததைத் தாமே நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மறதியோ அவசரக்காரன். உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்மேல் சோதனை செய்து, பொருளற்ற அசைகளில் பாதிக்கும் மேல் ஒரே நாளில் போய்விடுவதைக் காட்டினார்.

ஆகவே ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விவரித்த பெட்டி முறையை எடுத்துக்கொண்டேன். வீட்டில் குவிந்து கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டி அட்டை செய்தார். வெற்றுப் பக்கத்தில் ஒரு ஆங்கில வாக்கியம், சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. அச்சடித்த பக்கத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி, அந்த இடத்துப் பேச்சுத் தமிழும் சொல்லும் அதன் துணைச்சொல்லும். ஐந்து தடுப்பு உள்ள ஒரு இனிப்புப் பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்கு நகரும், தவறினால் முதல் தடுப்புக்கே வரும். முதல் தடுப்பு தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரண்டு வாரம், ஐந்தாவது மாதம் ஒருமுறை.

நாளொன்றுக்கு 25 என்பதை 5 ஆகக் குறைத்தேன். இதற்குத்தான் அவரைச் சம்மதிக்கவைக்க அதிக நேரம் ஆயிற்று. “அஞ்சு படிச்சா எப்ப சார் முடியும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எந்தச் சொற்கள் என்பதையும் மாற்றினோம். ப்ளெதோரா வகைகளைத் தள்ளிவிட்டு, ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் தொகுத்த கல்விசார் சொற்பட்டியலிலிருந்து எடுத்தோம். அதில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்). ஆனால் கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அவையே. மீதி அட்டைகள், வாசிப்புப் பயிற்சியில் அவர் தவறவிட்ட விடைகளிலிருந்தும் கேஸ் ஷீட்டிலிருந்தும் வந்தன. சர்க்கரை அளவு ஏறி இறங்கினால் ஃப்ளக்சுவேட், நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் டிடீரியரேட், நோய் போகாமல் வலி மட்டும் மட்டுப்பட்டால் அலீவியேட், ‘ஆகத்தான் போகுது, தடுக்க முடியாது’ என்றால் இன்எவிட்டபிள்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதுவதை நிறுத்தினோம். போனில் அகராதி ஒலியைக் கேட்டு, அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடு போட்டுக்கொண்டார். ‘கம்ஃபர்ட்டபிள்’ என்று அவர் நான்கு அசையாகச் சொல்லிவந்தது காதில் ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்றாகத்தான் விழும் என்று தெரிந்தபின், கேட்டல் பயிற்சியில் நழுவிப்போன பல சொற்கள் அவர் ஏற்கெனவே அறிந்தவைதான் என்று புலப்பட்டது.

ஒன்பதாம் வாரத் தடுமாற்றம்

மறுத்தலின் நான்கு சொற்களும் அவ்வளவு அழகாகப் பிரிந்துவந்ததில் எனக்கு ஒரு உற்சாகம் தொற்றிக்கொண்டது. அதே மாதிரி நெருங்கிய சொற்களைக் கூட்டம் கூட்டமாக ஒரே நாளில் கொடுக்கத் தொடங்கினேன். ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நாள்: வாங்கிக்கொண்டால் அக்செப்ட், ‘ஆமா, தப்புதான்’ என்றால் அட்மிட், ‘கிடைச்சுது, பாத்துட்டேன்’ என்றால் அக்னாலட்ஜ். பாதிப்புக்கு இன்னொரு நாள். குறைதலுக்கு மற்றொரு நாள்.

இரண்டு வாரத்தில் முதல் தடுப்பு நிரம்பி வழிந்தது. அட்டைகள் முன்னேறாமல் திரும்பத் திரும்பக் கீழே விழுந்தன. விழுந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால், அறியாத சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒன்றுக்குப் பதில் அதன் பக்கத்துச் சொல்லைச் சொன்ன தவறுகள். புதிதாக வரும் சொற்கள் ஒரே பொருட்குழுவைச் சேர்ந்தவையாக இருந்தால் ஒன்றோடொன்று மோதிக் கற்றல் மெதுவாகும் என்று டிங்க்கம் என்ற ஆய்வாளர் 1993-இலேயே காட்டியிருக்கிறார். நான் அதைப் படித்திருந்தும் என் வகுப்பில் அதற்கு நேரெதிராகச் செய்தேன். டினை, ரிஃப்யூஸ் இரண்டும் பிரிந்துவந்ததற்குக் காரணம், அவை அவருக்குப் பழைய சொற்கள். ஐந்து ஆண்டாகக் கண்ணில் பட்டவை. பழையவற்றைப் பக்கத்தில் வைத்து வரப்பு வெட்டலாம். புதியவற்றை அப்படி நடக்கூடாது.

அதன்பின், ஒரு சொல் மூன்றாம் தடுப்புக்குப் போனபிறகே அதன் பக்கத்துச் சொல்லைக் கொண்டுவந்தேன். ஒரு நாளின் ஐந்து சொற்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். பெட்டி சீராக நகர ஒரு மாதம் ஆயிற்று.

விளைவு

ஐந்தாவது மாதம் அவர் ஒரு ஹேண்டோவர் குறிப்பின் நகலை, நோயாளியின் பெயரை மறைத்து எழுதிக் கொண்டுவந்தார். மகளோடு பேசியபிறகு ஒரு பாட்டி அரைமனதாக டியூப் போட ஒத்துக்கொண்டதைப் பற்றியது. ‘ஷி ரிலக்டன்ட்லி அக்ரீட்’ என்று இருந்தது. அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. காலை டூட்டிக்கு வந்த டாக்டர் அதைப் படித்துவிட்டு நேரே அந்தப் பாட்டியிடம் போய், “டியூப் எடுத்துடவாம்மா, தொந்தரவா இருக்கா?” என்று கேட்டாராம். ஒரு சொல் எழுதியதற்கு ஒரு ஆள் எழுந்து நடந்து போனதை அவர் முதல்முறையாகப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் எத்தனை சொல் என்று கணக்குக் கேட்டதில்லை.

எட்டாம் மாத முடிவில் பெட்டியில் 610 அட்டைகள். ஐந்தாம் தடுப்பை எட்டியவை 430. முதல் வாரத்தில் கொடுத்த அதே 60 சொற்களைச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி கொடுத்தேன். இந்த முறை 41 சொற்களை வாக்கியத்தில் சரியாக வைத்தார். பழைய பட்டியலிலிருந்து நாங்கள் தள்ளிவிட்ட சொற்கள் பலவும் அந்த 60-இல் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றில் சிலவற்றுக்குப் பொருளே மறந்திருந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

தேர்வில் கேட்டல் 7, வாசிப்பு 7, எழுத்து 6.5. பேச்சு 6.5. வாசிப்புப் பகுதியில் மூன்று பத்திகள், 40 கேள்விகள், ஒரு மணி நேரம். முதல் தடவை 11 கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லாமல் விட்டவர், இந்த முறை நான்கு நிமிடம் மிச்சம் வைத்து முடித்தார். பேச்சில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்ததால் பதிவுக்கு அது போதவில்லை.

பேச்சு ஏன் பின்தங்கியது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பழகப் பேசும்போது போனில் பதிவுசெய்து கேட்டதில் காரணம் தெரிந்தது. சொல் தெரிகிறது, ஆனால் வாய்க்கு வர இரண்டு மூன்று விநாடி பிடிக்கிறது. அந்த இடைவெளியில் வாக்கியம் உடைந்துபோகிறது. எட்டு மாதமும் அட்டையைக் கையில் எடுத்து, மனத்துக்குள் விடை சொல்லி, திருப்பிப் பார்த்திருக்கிறார். உதடு அசையவே இல்லை. மௌனமாகப் படித்தது மௌனமான தேர்வுகளில் மட்டும் கைகொடுத்தது.

மறுபடி தொடங்கினால் மாற்றுவது

தமிழை விலக்கிய அந்த மூன்று வாரத்தை முழுதாக எடுத்துவிடுவேன். அதில் கற்றுக்கொண்டவர் நான்தான்; விலை கொடுத்தவர் அவர். களைத்து வரும் ஒருவரிடமிருந்து அவருக்குக் கைவந்த மொழியைப் பிடுங்கியது தவறு. எந்தத் தமிழ் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

முதல் நாளிலேயே அவருடைய வேலையிலிருந்து சொல் எடுப்பேன். ஐந்து ஆண்டாகக் கேஸ் ஷீட் படிக்கும் ஒருவரைத் தொடக்கநிலை மாணவி போல நடத்தினேன். ஏற்கெனவே பாதி அறிந்த இருநூறு சொற்களாவது அவரிடம் தூங்கிக்கொண்டிருந்தன. ‘கம்ப்ளெய்ன்ஸ் ஆஃப்’ என்பதில் புகார் இல்லை என்றும், ‘அக்யூட்’ என்றால் கடுமை என்பதைவிடத் திடீரென வந்தது என்றும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்து பொதுப் பயன்பாட்டுக்குப் பாலம் போடுவது பட்டியலிலிருந்து தொடங்குவதைவிட எளிது.

நெருங்கிய சொற்களை ஒரே நாளில் கொடுக்க மாட்டேன்.

அட்டைக்கு விடை எப்போதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை மூன்றாவது விதியாகச் சேர்ப்பேன். சொல்லை மட்டும் சொன்னால் போதாது. அன்று நடந்த ஒன்றை வைத்து ஒரு முழு வாக்கியம், கடிகாரம் பார்த்து ஐந்து விநாடிக்குள் தொடங்க வேண்டும். பேச்சுத் தேர்வுக்காக இப்போது இப்படித்தான் பழகுகிறார். இனிப்புப் பெட்டி வீட்டிலிருந்து வார்டு லாக்கருக்குப் போய்விட்டது. பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு நர்சிங் மாணவிகள் சாப்பாட்டு இடைவேளையில் அட்டையை எடுத்துத் தமிழ்ப் பக்கத்தைப் படிக்கிறார்கள். “‘அரைமனசா’, சிஸ்டர்” என்று ஒருத்தி சொல்ல, தட்டிலிருந்து நிமிர்ந்து அவர் வாக்கியத்தைத் தொடங்குகிறார்.